இடி இடித்தால் ரேடியோ இல்லை

கையகலப் பீங்கான் பலகை. அதன் மேல் செம்பில் ஒரு கத்தி, பிடிப்பதற்கு மரக் குமிழ். கத்தியை மேலே தள்ளினால் கூரைக்கு மேல் கட்டியிருக்கும் ஏரியல் கம்பி ரேடியோவோடு சேரும். கீழே இழுத்தால் அதே கம்பி ரேடியோவை விட்டுவிட்டு, சுவரோரம் மண்ணில் புதைத்த இரும்புக் குழாயோடு சேரும். மின்னல் ஏரியலில் இறங்கினால் ரேடியோவுக்குள் புகாமல் நேரே மண்ணுக்குப் போகட்டும் என்பதற்கான ஏற்பாடு. ஐம்பதுகளின் தொடக்கத்தில் அந்தக் கத்தி சுவிட்சை எத்தனையோ வீடுகளில் நானே பொருத்தியிருக்கிறேன். ஆனால் அதை நினைத்தால் என் கை ஞாபகத்துக்கு வருவதில்லை. கண்ணாடி வளையல் போட்ட, மீன் செதில் ஒட்டிய ஒரு பெண்ணின் கைதான் வருகிறது. திருவொற்றியூருக்கு வடக்கே கடலோரக் குப்பம் ஒன்றில் அவரை எல்லாரும் ரேடியோக்கா என்று கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

நான் அப்போது ராயபுரத்தில் ஒரு ரேடியோ கடையில் மெக்கானிக். முதலாளி ஒரு பாய். சர்க்கார் குப்பங்களுக்குக் கொடுத்திருந்த பொது ரேடியோக்களுக்குப் பேட்டரி மாற்றும் வேலையை எங்கள் கடை எடுத்திருந்தது. கரண்ட் இல்லாத குப்பங்கள் அவை. சார்ஜ் ஏற்றிய பேட்டரியைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு கடலோரமாக வடக்கே போவேன். காலிப் பேட்டரியை எடுத்துக்கொண்டு திரும்புவேன். எதிர்க்காற்றில் போய் எதிர்க்காற்றிலேயே திரும்புகிற சாமர்த்தியம் அந்தச் சாலைக்கு மட்டும்தான் உண்டு.

இடிக்கு ரேடியோ பயப்படும் என்பது அந்தக் காலத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் மருந்து மட்டும் ஆளுக்கு ஒன்றாக இருந்தது. ராயபுரத்தில் நான் வேலைக்குப் போன வீடுகளில் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு வீட்டில் இடி இடித்தால் “அர்ச்சுனா அர்ச்சுனா” என்று சொல்லிக்கொண்டே முகம் பார்க்கும் கண்ணாடியைத் துணியால் மூடுவார்கள். கண்ணாடியை மூடிய கையோடு ரேடியோவையும் கம்பளியால் போர்த்திவிடுவார்கள், குளிர்காய்ச்சல் வந்த பிள்ளை மாதிரி. மாதா கோயில் தெருவில் ஒரு வீட்டில் குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்த ஓலையில் ஒரு துண்டைக் கிள்ளி நெருப்பில் போடுவார்கள், மீதித் துண்டு ரேடியோ மேல் இருக்கும். எங்கள் முதலாளி துவா ஓதுவார். ஓதி முடித்ததும், “டேய், சுச்சைக் கீய தள்ளுடா மொதல்ல” என்பார். இரண்டும் வேண்டும் என்பது அவர் கட்சி. எனக்கும் அதில் இதுவரை மாற்றுக் கருத்து இல்லை.

குப்பத்து ரேடியோவின் சாவி ரேடியோக்காவிடம் வந்த கதையே வேடிக்கைதான். ரேடியோ வந்த அன்று ஊரில் இரண்டு கட்சி. நாட்டார் வீட்டில் வைக்க வேண்டும் என்று ஒரு கட்சி, கூடாது என்று ஒரு கட்சி. நாட்டார் என்றால் குப்பத்துத் தலைவர், அவர் பேச்சை மீறி யாரும் கட்டுமரத்தைத் தண்ணீரில் தள்ள முடியாது. கடைசியில் கோயிலுக்குப் பக்கத்தில் செங்கல்லில் சின்ன அறை ஒன்று கட்டி அதில் ரேடியோவை வைத்தார்கள், ஊர் முழுக்கக் கேட்க வெளியே ஒரு லவுட் ஸ்பீக்கர். சாவி யாரிடம்? எந்தக் கட்சியையும் சேராத ஆள் வேண்டும். குப்பத்தில் இரண்டு கட்சியோடும் சண்டை போட்டிருந்த ஒரே ஆள், கூடை மீன் எடுத்துத் தண்டையார்ப்பேட்டை வரை தெருத் தெருவாக விற்றுவந்த அந்த அம்மாள்தான். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. தாய் தகப்பன் போன பிறகு தூக்கி வளர்த்த தம்பி ஒருவன், இடுப்பில் செருகிய சாவி ஒன்று, வாய் ஒன்று. இவ்வளவுதான் சொத்து.

அவர் சாவியை வாங்கிய சில நாட்களிலேயே பக்கத்துக் குப்பத்து ரேடியோ மின்னலில் எரிந்துபோனது. யாரும் கத்தியைக் கீழே தள்ளவில்லை. ஜீப்பில் வந்த அதிகாரி, போனது போனதுதான், இன்னொன்று கிடையாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து ரேடியோக்கா ஒரு சட்டம் போட்டார். இடி இடித்தால் ரேடியோ இல்லை. சின்ன இடி, பெரிய இடி, தூரத்து இடி என்ற பாகுபாடே கிடையாது. கத்தியைக் கீழே இழுப்பார், கதவைப் பூட்டுவார், சாவியை இடுப்பில் செருகுவார். ஒருநாள் நாட்டாருக்குப் பிடித்த நாதஸ்வரக் கச்சேரி நடந்துகொண்டிருந்தது. தண்டவாளப் பக்கத்தில் கூட்ஸ் வண்டிப் பெட்டிகள் ஒன்றோடொன்று இடித்த சத்தத்தைக் கேட்டு இவர் ரேடியோவை அணைத்துவிட்டார். நாட்டார் குதித்தார். “வண்டி சத்தம்மே அது, இடி இல்ல!” என்றார். “இடி சத்தம் கேக்கச்சொல்லோ வண்டினு நெனச்சிகினு குந்திகினு இருந்தா? அப்ப இன்னா பண்ணுவே?” என்று இவர் திருப்பிக் கேட்டார். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. கச்சேரி போனது போனதுதான்.

அந்த ரேடியோவுக்குக் குப்பமே காவல் இருந்தது என்றால் மிகையில்லை. திறப்பு விழாவுக்கு வந்த அதிகாரி, மண்ணில் புதைத்த குழாயைச் சுற்றி எப்போதும் ஈரம் இருக்க வேண்டும், காய்ந்த மணலில் மின்னல் இறங்காது, தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள் என்று சொல்லியிருந்தார். நல்ல யோசனைதான். ஆனால் அங்கே குடி தண்ணீருக்குத் தெருக்குழாயில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு அடிதடி நடக்கும். அந்தத் தண்ணீரை இரும்புக்கு ஊற்ற யாருக்கு மனசு வரும்? கண்ணெதிரே கடல் இருக்கிறது. பெண்கள் மீன் கழுவிய தண்ணீரையும், வீடு திரும்பும் வழியில் ஒரு குடம் கடல் தண்ணீரையும் அந்தக் குழாயின் தலையில் ஊற்றினார்கள். ஒருவர் விடாமல் ஊற்றினார்கள். ஒரு வெள்ளிக்கிழமை யாரோ குழாய்க்கு மஞ்சள் தடவினார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை குங்குமம் வந்தது. வேப்பிலை மட்டும்தான் பாக்கி. நான் கேலி செய்தேன். ரேடியோக்கா முறைத்தார். “ஒங்க ஆபீசருதான் சொன்னாரு, காப்பாத்துறது இதுன்னு. காப்பாத்துறத கும்புடாம பின்ன இன்னாத்தத்தான் கும்புடறதாம்?” என்றார். 

சம்பவம் நடந்தது ஓர் ஐப்பசி மாதத்தில். பேட்டரி மாற்ற நான் போய்ச் சேர்ந்தபோது மதியம் சாய்ந்துவிட்டது. எண்ணூர்ப் பக்கம் வானம் கறுத்திருந்தது. கரையில் ஒரே பரபரப்பு. பல நாள் ஓட்டாண்டியாகக் கிடந்த கடலில் காணாங்கெளுத்திக் கூட்டம் வந்திருப்பதாகக் காலையில் போய்வந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். சாயங்காலமே இறங்கினால் இராத்திரி முழுக்க வலை போடலாம். கட்டுமரங்களைக் கயிறு போட்டுப் பிணைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் நின்றவன் ரேடியோக்காவின் தம்பி. புது வலை பின்னி முடித்திருந்தான். அதை நனைக்காமல் அவனுக்குச் சோறு இறங்காது போலிருந்தது.

பேட்டரியைப் பொருத்திவிட்டு நிமிர்ந்தேன். முதல் இடி கேட்டது. ரேடியோக்கா வந்தார், கத்தியைக் கீழே இழுத்தார், என்னை வெளியே போகச் சொல்லிக் கதவைப் பூட்டினார். எல்லாம் வழக்கப்படி. பிறகு வழக்கமில்லாமல் கதவுக்கு முன்னாலேயே நின்றுகொண்டு கடலைப் பார்த்தார். “தொறமொகத்துல கூண்டு ஏத்திகீறானுங்களா தம்பி?” என்று கேட்டார். புயல் வரும் என்றால் துறைமுகத்துக் கொடிமரத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். குப்பத்திலிருந்து அது கண்ணுக்குத் தெரியாது. நான் காலையில் கிளம்பும்போது ஏற்றவில்லை, பிறகு எப்படியோ தெரியாது என்றேன்.

அவர் தம்பியிடம் போய் வானத்தைக் காட்டினார். “நைனா, இன்னிக்கி ஒருநா வேணாம்டா. மானம் சரியில்ல” என்றார்.

“ஐப்பசில மானம் பின்ன எப்பிடி இருக்கும்? மயெ வரும், பூடும். நான் மானம் பாத்து போறவன்கா. ஒன் பொட்டிய பாத்து போறவன் இல்ல.”

நாட்டாரிடம் போனார். நாட்டார் நியாயத்தைத்தான் சொன்னார். ரேடியோவில் போக வேண்டாம் என்று சொன்னால் யாரும் போகக் கூடாது, இது ஊர் கூடிப் போட்ட கட்டு. ரேடியோ ஒன்றும் சொல்லாதபோது, பல நாள் பட்டினி கிடந்தவனை எந்த வாயால் நிறுத்துவது? “நீ தொற. அது சொல்லட்டும். நான் நிறுத்தறேன்” என்றார். கச்சேரியை அணைத்த கோபம் அதில் கொஞ்சம் இருந்திருக்கலாம். இருந்தாலும் சொன்னதில் தப்பில்லை.

ஆக, தம்பியைக் கரையில் நிறுத்தக்கூடியது அந்த ஊரில் ஒன்றுதான். அது இவர் கையாலேயே பூட்டிய அறைக்குள் இருந்தது. வானிலை சொல்லும் நேரம் நெருங்கிவிட்டது. அதற்குள் மின்னல் குப்பத்துக்கு மேலேயே வந்துவிட்டது. திறந்தால் ரேடியோ போகலாம், போனால் இன்னொன்று கிடையாது. திறக்காவிட்டால் தம்பி போவான்.

“இப்ப தொறந்தா இன்னா ஆவும் தம்பி?” என்று என்னைக் கேட்டார். ஒன்றும் ஆகாமலும் போகலாம், ரேடியோ எரியலாம், தொடுகிற ஆளையும் சேர்த்துக் கொண்டுபோகலாம் என்று உள்ளதைச் சொன்னேன். நான் போய்த் திறக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம்தான். சொல்லத் தோன்றும் முன்பே, “நீ அப்பால போ. ஒங்கம்மாவுக்கு நான் பதில் சொல்லிகினு இருக்க முடியாது” என்று விரட்டிவிட்டார். கோயில் பக்கம் நின்ற பெண்களையும் பிள்ளைகளையும் விரட்டினார். கருவாட்டுக்குக் காக்காய் ஓட்டும் காய்ந்த மூங்கில் குச்சி ஒன்று அவரிடம் உண்டு. அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டி மேல் ஏறி நின்று குச்சியால் கத்தியை மேலே தள்ளுவதை நான் வாசலுக்கு வெளியே நின்று பார்த்தேன். 

ரேடியோ முதலில் எண்ணெயில் அப்பளம் போட்ட மாதிரி பொரிந்தது. ஒவ்வொரு மின்னலுக்கும் ஒரு வெடிப்பு. நடுநடுவே, எந்த அவசரமும் இல்லாத ஒரு குரல் செய்தி வாசித்துக்கொண்டிருந்தது. எங்கேயோ பாலம் திறந்தார்கள், யாரோ யாருக்கோ மாலை போட்டார்கள். கரையில் கயிறு கட்டிக்கொண்டிருந்த கைகள் நின்றுவிட்டன. கடைசியில் வந்தது. வங்கக் கடலில் புயல், துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு, மீனவர்கள் கடலுக்குள் செல்ல வேண்டாம். இடையில் சில சொற்களை இடி தின்றுவிட்டது. ஆனால் செல்ல வேண்டாம் என்பது குப்பம் முழுக்கக் கேட்டது. நாட்டார் கையைத் தூக்கினார். தம்பி வலையைத் தூக்கி மணலில் அடித்தான்.

ரேடியோக்கா குச்சியைத் திருப்பிக் கத்தியைக் கீழே இழுக்கப் போனார். ஏரியல் கட்டிய கம்பத்துக்குப் பக்கத்துத் தென்னையில் இடி விழுந்தது. வெளிச்சம்தான் எனக்கு நினைவிருக்கிறது, சத்தம் நினைவில் இல்லை. அறைக்குள் ஓடிப் பார்த்தால் அவர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். குச்சி ஒரு பக்கம் கிடந்தது. ரேடியோவிலிருந்து நூல் மாதிரி புகை வந்துகொண்டிருந்தது. “பூட்ச்சா?” என்று கேட்டார். போயிற்று என்றேன். “நிறுத்திகினானா?” என்று அடுத்துக் கேட்டார். நிறுத்திவிட்டான் என்றேன். சரி என்று தலையாட்டினார். நான் சொன்னது எதுவும் அவர் காதில் விழவில்லை, என் உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. வலது காது சில நாளில் சரியானது. இடது காது கடைசி வரை சரியாகவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் அவருக்குக் குப்பத்தில் சிலையே வைத்திருப்பார்கள். ஆனால் புயல் வரவில்லை. இராத்திரி ஒரு மழை பெய்தது. விடிந்தால் கடல் குளம் மாதிரி கிடந்தது. புயல் வடக்கே திரும்பி எங்கேயோ போய்விட்டதாம். அதுகூடப் பரவாயில்லை. ரேடியோ எரிந்துபோன அந்தப் பக்கத்துக் குப்பம் இருக்கிறதே, போகாதே என்று சொல்ல அவர்களுக்கு ஆள் கிடையாது. அவர்கள் முதல் நாள் சாயங்காலமே போயிருந்தார்கள். விடியற்காலையில் கட்டுமரம் தாழத் தாழக் காணாங்கெளுத்தியை அள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். ரேடியோ இல்லாத குப்பத்துக்கு மீன். ரேடியோ இருந்த குப்பத்துக்கு மீனும் இல்லை, ரேடியோவும் இல்லை.

நான் மறுபடி போனபோது இரண்டு கட்சியும் ஒன்று சேர்ந்திருந்தன, அவரைத் திட்டுவதில். மின்னலில் ரேடியோவைத் திறந்து கொளுத்திவிட்டாள், ஊர் வயிற்றில் அடித்துவிட்டாள் என்றார்கள். அன்று திறக்கச் சொன்ன நாட்டார் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அந்த ஆள் மேல் வந்த கோபம் இன்றும் கொஞ்சம் இருக்கிறது.

எரிந்த ரேடியோவைக் கழற்றிவிட்டு, வந்ததற்குக் குழாயையும் பார்த்துவிடுவோம் என்று மணலைத் தோண்டினேன். மேலே மஞ்சளும் குங்குமமும் பூசிக் குழாய் லட்சணமாக இருந்தது. ஒரு முழம் கீழே, செம்புக் கம்பியைக் குழாயோடு இறுக்கியிருந்த இரும்புப் பட்டை இருந்த இடத்தில் துருப்பொடி மட்டும் இருந்தது. உப்புத் தண்ணீர் தின்று தீர்த்துவிட்டது. கம்பி எதையும் தொடாமல் மணலில் சும்மா கிடந்தது. அந்தக் கத்தி மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் அன்று மின்னலுக்கு மண்ணுக்குப் போக வழியே இல்லை. கத்தி கீழே இருந்தாலும் அந்த விரலளவு இடைவெளியைத் தாவி ரேடியோவுக்குள்தான் புகுந்திருக்கும், அதற்கு வேறு போக்கிடம் இல்லை. பூட்டியே வைத்திருந்தாலும் எரிந்துதான் போயிருக்கும்.

எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. “அக்கா, உங்க மேல தப்பே இல்ல. இதை இப்பவே நாட்டார்கிட்ட காட்டறேன்” என்றேன். அவர் குனிந்து துருப்பொடியை விரலால் தொட்டுப் பார்த்தார். அந்நேரம் ஒரு பெண் கூடையோடு வந்து, வழக்கம்போல் குழாய்த் தலையில் ஒரு செம்பு ஊற்றிவிட்டு, ரேடியோக்காவை ஒரு முறை முறைத்துவிட்டுப் போனாள். ரேடியோ இல்லாத அறைக்கு இன்னும் ஈரம் வைத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

“மூடு தம்பி” என்றார். “சொன்னா ஊத்துனவளுங்க மேல பூடும். ஒருத்திய ஒருத்தி புடிச்சிகினு அடிச்சிக்குவாளுங்க. நாளைக்கி வேற ரேடியோ வந்தா எவளும் ஒரு சொட்டு ஊத்த மாட்டாளுங்க. துருப்புடிக்காத பட்டையா பாத்து போடு. மத்தத வுடு.” நான் விடவில்லை. ஊரே உங்களைத் திட்டுகிறதே என்றேன். “எனுக்குத் திட்டு புச்சா இன்னா?” என்றார்.

பித்தளைப் பட்டை ஒன்று கொண்டுபோய்ப் போட்டு, அதன் மேல் தோணிக்குப் பூசும் கீலைக் கெட்டியாகப் பூசி மூடினேன். எங்கள் பாய் இரண்டு பழைய ரேடியோக்களைக் கழற்றி ஒன்றாக்கி அடுத்த வருஷம் அந்த அறையில் வைக்கச் சொன்னார். சாவி யாரிடம் என்ற பேச்சு வந்தது. மறுபடியும் இரண்டு கட்சி. மறுபடியும் அவரிடமே போனது.

இப்போது வானிலை கைக்குள் வந்துவிட்டது. மழை என்றால் போன் அலறுகிறது, புயல் என்றால் விடாமல் அலறுகிறது. மின்னலுக்குக் காவலாக வீட்டில் ஒவ்வொரு பிளக்குக்கும் ஒரு பெட்டி இருக்கிறது. வருகிறேன் என்ற புயல் வராமல் போனால் என் மகன், “இவனுங்களுக்கு வேற வேலை இல்லப்பா” என்று சலித்துக்கொள்கிறான். லீவு விட்டது தண்டம், மெழுகுவர்த்தி வாங்கியது தண்டம் என்று தெருவே பேசுகிறது. நான் அதில் கலந்துகொள்வதில்லை.

புது ரேடியோ வைத்த அன்று சாயங்காலம் ரேடியோக்காவோடு அறை வாசலில் உட்கார்ந்திருந்தேன். கரையில் அவர் தம்பி வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான். ஒரு வருஷமாக அக்காவிடம் நேரே பேசுவதில்லை. பேச வேண்டியதையெல்லாம் வலையிடம் சொல்வான், குப்பம் முழுக்கக் கேட்கும்படி. அன்றும் சொல்லிக்கொண்டிருந்தான். காணாங்கெளுத்தி போனது, பொட்டியால் குடி கெட்டது, இப்போது இன்னொரு பொட்டி வந்துவிட்டது. கேட்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

“தினமும் இப்படித்தானாக்கா?” என்றேன்.

“தெனமும்தான். கரை ஏறுனா ஆரம்பிப்பான், வெளக்கு வெக்கிற வரிக்கும்.”

“உங்களுக்குக் கஷ்டமா இல்லையா?”

அவர் உட்கார்ந்தபடியே திரும்பி, கேட்கும் காதைக் கடல் பக்கம் வைத்துக்கொண்டார்.

“திட்டட்டும் தம்பி. சாயங்காலமானா அந்தக் கொரலு வருதா இல்லியானுதான் நான் குந்திகினு கீறேன்.”